நீட் கிடைக்கலைன்னா பயோடெக்கா? டெல்டா வயல்ல இருந்து ஒரு பதில்!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு சித்தப்பாவிடமிருந்து போன். அவருக்குப் பாபநாசம் பக்கத்தில் ஒன்பது மா நிலம். நம்ம கணக்கில் மூணு ஏக்கர். வழக்கமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் கூப்பிடுவார்.

"ஏம்ப்பா, நீ பத்திரிகையில இருக்க, நாலு பேர்கிட்ட பேசுற. பாப்பா நீட் எழுதிட்டு வந்ததுல இருந்து மூஞ்சியே சரியில்ல. டாக்டர் சீட்டு வராதுன்னு அதுவே சொல்லிருச்சு. இப்ப என்னமோ பயோடெக்குங்குது. அது டாக்டருக்கு அடுத்ததா? படிச்சா வேலை இருக்கா? போன வருஷ சம்பா பாதி தண்ணியில போச்சு. இந்த வருஷம் நகையை வெச்சுத்தான் சேர்க்கணும். அதான் கேக்குறேன்."

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரலை. 'நல்ல படிப்புதான் சித்தப்பா'ன்னு சொல்லி வைத்துவிடலாம். ஆனால் நகை அவருடையது. அதனால் ரெண்டு நாள் டைம் கேட்டுக்கொண்டேன். அந்த ரெண்டு நாளில் தேடியும் விசாரித்தும் சேர்த்ததுதான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் இதே கேள்வி ஓடிக்கொண்டிருந்தால் படியுங்க.

முதல்ல அந்த 'டாக்டருக்கு அடுத்தது' விஷயத்தை முடிச்சிடலாம். பயோடெக்னாலஜி, அதாவது உயிரித் தொழில்நுட்பம், மருத்துவப் படிப்பு கிடையாது. நோயாளியைப் பார்க்க முடியாது, ஊசி போட முடியாது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் டெஸ்ட் பண்ற வேலைக்குக்கூட அதற்கென்று டி.எம்.எல்.டி., பி.எஸ்சி எம்.எல்.டி. என்று தனிப் படிப்புகள் இருக்கு. உயிருள்ள ஒன்றை, அது பாக்டீரியாவோ, செடியோ, ஒரே ஒரு செல்லோ, ஒரு வேலை செய்ய வைப்பதுதான் பயோடெக். இன்சுலின் சுரக்கிற பாக்டீரியா, தடுப்பூசிக்கான வைரஸை வளர்க்கிற செல்கள், வெள்ளத்தில் அழுகாத நெல்... எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

அந்தக் கடைசி உதாரணம்தான் சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டியது என்று தோன்றியது. ஏன்னா அது அவர் வயல்லயே நடக்கிற கதை.

பத்து நாள் தண்ணிக்குள்ள... அப்புறமும் பச்சை!

டெல்டாக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. ஆகஸ்ட், செப்டம்பரில் சம்பா நாற்றங்கால். நடவு முடிந்து பயிர் தூர் கட்டுகிற நேரத்தில் சரியாக வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். வாய்க்காலும் நிறைந்து வடிகாலும் அடைத்துக்கொண்டால், இளம்பயிர் முழுசா மூழ்கிவிடும். சாதாரண நெல் அப்போது என்ன செய்யும் தெரியுமா? காற்றைத் தேடி மேலே வளரும். கையில் இருக்கிற மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து, உயரமா, ஒல்லியா நீளும். ஒரு வாரத்துக்கு மேல் ஆனால் சேமிப்பு காலி. தண்ணி வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சரிந்து, அழுகிவிடும்.

ஒடிசாவில் பழைய நாட்டு நெல்லிலிருந்து பிரித்தெடுத்த ஒரு ரகம் இருந்தது. பெயர் எஃப்.ஆர். 13 ஏ. விளைச்சல் சுமார்தான், ஆனால் ரெண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் சாகாது. அது எப்படி என்று தேடிப் போனவர்கள் 1996-ல் அதன் 9-வது குரோமோசோமில் ஒரு பகுதியை அடையாளம் கண்டார்கள். 2006-ல் கெனாங் ஷூ, பமீலா ரொனால்டு, டேவிட் மாக்கில் குழு அந்த மரபணுவையே பிடித்தது. அதன் பெயர் சப்-1 ஏ. அது செய்வது ஒன்றே ஒன்று. தண்ணிக்குள் போனதும், 'இப்ப வளராதே, சும்மா இரு' என்று பயிரை அடக்கி வைக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல. சேமிப்பு செலவாகாமல் இருப்பதால், தண்ணி வடிந்ததும் பயிர் மறுபடி துளிர்க்கிறது.

அந்த மரபணுவைச் சுவர்ணா என்ற ரகத்தில் சேர்த்து, 2009-ல் இந்தியாவில் 'சுவர்ணா சப்-1' வெளிவந்தது. அதே வழியில் வந்ததுதான் சி.ஆர். 1009 சப்-1. நம்ம பக்கம் பல வருஷமா சம்பாவுக்குப் போடுகிற நீண்டகால ரகமான சி.ஆர். 1009, அதாவது பொன்மணி, இருக்கே... அதுக்குள்ள அந்த ஒடிசா மரபணு. விவசாயத் துறை டெப்போவில் பலரும் 'சப் ஒண்ணு இருக்கா?'ன்னு கேட்டு வாங்கிப் போவது இதைத்தான்.

இதில் ஒரு உஷார் பாயின்ட். சப்-1 இளம்பயிர் முழுசா மூழ்கும்போதுதான் கைகொடுக்கும், அதுவும் ஏறக்குறைய ரெண்டு வாரத்துக்கு. பூக்கும் நேரத்தில் மூழ்கினாலோ, 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பெய்ததுபோல அறுவடை நேரத்தில் மழை பெய்தாலோ, அந்த மரபணுவால் ஒன்றும் செய்ய முடியாது. கதிர் சாய்ந்து முளைத்துவிடும். 'வெள்ளத்தைத் தாங்கும் நெல்'னு ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்களை நம்பி ஏமாந்த விவசாயிகள் உண்டு.

இதுல பயோடெக் ஸ்டூடன்ட் எங்க வர்றார்?

சி.ஆர். 1009-ஐயும் சப்-1 உள்ள நெல்லையும் ஒட்டுச் சேர்த்தால் பிறக்கிற நாற்றில் பாதி இது, பாதி அது. நமக்கு வேண்டியது பொன்மணியின் எல்லா குணமும், கூடவே அந்த ஒரே ஒரு மரபணுவும். அதனால் மறுபடி மறுபடி பொன்மணியோடவே சேர்க்கணும். ஒவ்வொரு முறையும் பொன்மணியின் பங்கு சராசரியாக 50, 75, 87.5, 93.75 சதவிகிதம் என்று ஏறும். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும், நூற்றுக்கணக்கான நாற்றில் எதில் அந்த மரபணு தங்கியிருக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் காலம் என்றால் ஒவ்வொன்றையும் தண்ணியில் மூழ்கவைத்து, எது சாகலை என்று பார்க்கணும்.

இப்போது நகம் அளவு இலைத்துண்டு போதும். அதை அரைத்து, சி.டி.ஏ.பி. என்ற கரைசலில் சூடாக்கி, குளோரோஃபார்ம் விட்டுச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதில் குளிர்ந்த ஆல்கஹால் சேர்த்தால் டி.என்.ஏ. வெள்ளை நூல்மாதிரி திரளும். அடுத்தது பி.சி.ஆர். கொரோனா சமயத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, ஆர்.டி. பி.சி.ஆர்., அதோட அண்ணன்தான். 95 டிகிரியில் டி.என்.ஏ. ரெண்டு இழையாகப் பிரியும். சூட்டைக் குறைத்தால் நாம் தேடுகிற இடத்தில் பிரைமர் போய் ஒட்டும். 72 டிகிரியில் புது இழை வளரும். ஒரு சுற்றுக்கு ரெண்டு மடங்கு. 30 சுற்று ஓடினால், கணக்குப்படி ஒரே ஒரு டி.என்.ஏ. துண்டு 107 கோடி பிரதி ஆகியிருக்கும். அதை ஜெல்லில் ஓட்டி விளக்கின் கீழ் வைத்தால் கோடு தெரியும். நமக்கு வேண்டிய கோடு இருந்தால் அந்த நாற்றை வைத்துக்கொள், இல்லையென்றால் பிடுங்கிப் போடு.

இப்போ முக்கியமான விஷயம். இந்த டி.என்.ஏ. எடுக்கிறது, பி.சி.ஆர்., ஜெல் ஓட்டுறது மூன்றும் பயோடெக் இளநிலைப் படிப்பில் ரெண்டாம், மூன்றாம் ஆண்டு பிராக்டிகல். 'மார்க்கர் உதவியோடு தேர்வு' என்று பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் வரும். பரீட்சைக்கு ஐந்து மார்க். அந்தப் பக்கத்தைத்தான் சித்தப்பா மூட்டையாகத் தோளில் தூக்கி வந்து நாற்றங்காலில் விதைக்கிறார். அப்பாவுக்கும் மகளுக்கும் இது ஒன்றுதான்னு யாரும் சொல்லலை, அவ்வளவே.

தஞ்சாவூருக்கு இது புதுசு இல்லை

டெல்டாவும் நெல் ஆராய்ச்சியும் நூறு வருஷப் பழக்கம். ஆடுதுறையில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1922-ல். இன்றைய தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையம் அதுதான். ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43 என்று தாத்தா, அப்பா வாயில் வருகிற அந்த 'ஏ.டி.டி.' ஆடுதுறையின் சுருக்கம். 1960-களில், விவசாயத்தைத் தீவிரப்படுத்த இந்தியாவில் தேர்ந்தெடுத்த முதல் மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அப்போது ஜப்பானிய நெல்லான நோரின் 10-ஐயும் நம்ம ஜி.இ.பி. 24-ஐயும் சேர்த்து வந்த ஏ.டி.டி. 27 குறுவை வயல்களைப் பிடித்துக்கொண்டது. அப்போது மார்க்கரும் இல்லை, பி.சி.ஆரும் இல்லை. கண்ணும் பொறுமையும்தான்.

எம்.எஸ்.சுவாமிநாதன் பிறந்ததும் கும்பகோணத்தில், 1925-ல். அப்பா சர்ஜன். பையனும் டாக்டர் ஆவான் என்றுதான் வீடு நினைத்தது. 1943 வங்கப் பஞ்சம் அவரை விவசாயக் கல்லூரிப் பக்கம் திருப்பியது. நீட் முடிந்து முகம் வாடி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், 'எல்லாரும் எம்.எஸ்.சுவாமிநாதனா?' என்று கேட்பாங்க. நியாயம்தான். ஆனாலும் சொல்லி வைக்கலாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கிற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக நிஃப்டெம், 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு நெல் பதன ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது. காரணம்? மழையில் அறுத்த ஈரநெல் வீணாவதைத் தடுக்க. அந்தப் பிரச்னை இன்னும் தீரலை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கக் கூடாது என்பது விதி. 22 சதவிகிதம் வரை தளர்த்துங்க என்ற கோரிக்கை கிட்டத்தட்ட வருஷா வருஷம் டெல்லிக்குப் போகிறது. களத்துமேட்டில் தார்ப்பாயை மூடி, திறந்து, மூடி நிற்கிற யாரையாவது பார்த்தால் புரியும். பயோடெக்கோடு ஒட்டிய உணவுத் தொழில்நுட்பம், பி.டெக் ஃபுட் டெக்னாலஜி, இந்த நிஃப்டெம்மிலேயே இருக்கு. சேர்க்கைக்கு ஜே.இ.இ. மெயின் எழுதணும்.

"ஜெனடிக் விதையா? நம்ம பக்கம் ஒத்துக்க மாட்டாங்களே!"

சப்-1 கதையைச் சொன்னதும் சித்தப்பா கேட்ட அடுத்த கேள்வி இது. இதை லேசா தள்ளிவிட முடியாது. நம்மாழ்வார் பிறந்த மாவட்டம் தஞ்சாவூர். நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட 'நெல்' ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்துக்காரர். இங்கே 'மரபணு' என்ற வார்த்தையைக் கேட்டாலே முதுகு நிமிர்கிற ஊர்கள் உண்டு. பயோடெக் படிக்கிற பிள்ளை பொங்கலுக்கு ஊருக்கு வந்தால், திண்ணையில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

மூன்று விஷயங்களை இங்கே எல்லாரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். சப்-1 மரபணு மாற்றுப் பயிர் இல்லை. நெல்லுக்கும் நெல்லுக்கும் மகரந்தம் சேர்த்ததுதான். லேப் செய்தது பிள்ளை யார்மாதிரி பிறந்திருக்கு என்று பார்த்துச் சொன்ன வேலை. வேறு உயிரின் மரபணுவை உள்ளே வைப்பது ரெண்டாவது வகை. 2002-ல் வந்த பி.டி. பருத்தி அப்படித்தான். பி.டி. கத்திரிக்காயை 2010-ல் மத்திய அரசு நிறுத்தி வைத்தது, இன்னும் வரலை. சென்னையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா குழு, அலையாத்தி மரத்தின் மரபணுவை நெல்லில் வைத்து உப்பைத் தாங்குகிற நெல் உருவாக்கியது. பிச்சாவரத்தில் படகு விடுவீங்களே, அந்தக் காட்டில் நிற்கிற மரம்தான். அந்த நெல் விவசாயிகள் கைக்கு வரவில்லை. வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் இன்றைக்கும் பெரியவர்கள் நம்பிச் சொல்வது குழியடிச்சான் என்ற பாரம்பரிய ரகத்தை.

மூன்றாவது, மரபணுத் திருத்தம். வெளியிலிருந்து எதையும் வைக்காமல், நெல்லில் ஏற்கெனவே இருக்கிற மரபணுவிலேயே ஒரு சின்னத் திருத்தம். அதற்கான கிரிஸ்பர் கருவிக்குத்தான் 2020-ல் இம்மானுவெல் ஷார்பன்டியே, ஜெனிஃபர் டவுட்னா இருவருக்கும் நோபல். 2025 மே மாதம் மத்திய அரசு இப்படித் திருத்திய ரெண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அதில் ஒன்றான 'கமலா', சம்பா மசூரியில் இருந்து வந்தது. நம்ம பக்கம் பி.பி.டி. என்று போடுகிறோமே, அதே நெல். சுமார் 20 நாள் முன்னாடியே அறுவடைக்கு வரும் என்கிறது அரசு. மேட்டூர் தண்ணிக்குக் காத்திருக்கிற ஊருக்கு 20 நாள் என்றால் என்ன என்று யோசிங்க. சோதனை முடிவுகள் போதாது, எல்லாத் தகவலையும் வெளியிடுங்க என்று கேட்கிறவர்களும் இருக்காங்க. விதைக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்வியும் நிற்கிறது.

எந்தப் பக்கம் நிற்பது என்பது அவரவர் முடிவு. ஆனால் இந்த மூன்றையும் பிரித்து, ஊர்க்காரங்களுக்குத் தமிழில் சொல்லத் தெரிந்த பட்டதாரிகள் டெல்டாவில் ரொம்பக் குறைவு என்பது என் அனுபவம். இந்தக் கட்டுரைக்காக நான் பேசிய பயோடெக் மாணவர்களில் பலருக்கு 'பேக்கிராஸ்' தெரியுது, 'சப்-1' தெரியலை.

சரி, எங்கே, எப்படிச் சேர்வது?

ரெண்டு பட்டம் இருக்கு. பி.டெக் நாலு வருஷம், பி.எஸ்சி மூணு வருஷம். ப்ளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்திருந்தால்தான் அண்ணா பல்கலைக்கழக கவுன்சலிங்கில் பி.டெக். கட்ஆஃப் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. உயிரியல் மார்க் அதில் சேராது! தாவரவியல், விலங்கியல் எடுத்து கணக்கு படிக்காதவர்களுக்கு அந்தக் கவுன்சலிங்கில் பி.டெக் கிடையாது, பி.எஸ்சி ஒரு வழி.

இதில் ஒரு காமெடியும் இருக்கு. கணக்குக்குப் பயந்து 'பயோ'ன்னு வருகிறவர்களுக்கு பி.டெக்கில் முதல் செமஸ்டரிலேயே கணக்கு நிற்கும். அப்புறம் பயோபிராசஸ் இன்ஜினீயரிங். ஆயிரம் லிட்டர் தொட்டியில் பாக்டீரியாவை வளர்க்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் விடணும், சூட்டை எப்படி எடுக்கணும் என்பதெல்லாம் கணக்குதான். அது பிடிக்காதவர்கள் பி.எஸ்சி, பிறகு எம்.எஸ்சி என்று போவது நிம்மதி.

தஞ்சாவூர்லேயே திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக் பயோடெக் இருக்கு. நிகர்நிலை என்பதால் அண்ணா பல்கலை கவுன்சலிங்கில் வராது, தனியாக விண்ணப்பிக்கணும். திருச்சியில் அண்ணா பல்கலையின் பி.ஐ.டி. வளாகம், சென்னையில் ஏ.சி. டெக் வளாகம் (அங்கே பெயர் 'இண்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜி'). கோவை வேளாண் பல்கலையிலும் பி.டெக் பயோடெக் உண்டு, அதற்குத் தனி கவுன்சலிங். நெல்லிலேயே வேலை பார்க்கணும் என்று ஆசை இருந்தால் என் ஓட்டு கோவைக்கு. பி.எஸ்சி என்றால் பாரதிதாசன் பல்கலையின் கீழ் இருக்கிற கலை அறிவியல் கல்லூரிகளில் தேடலாம்.

காசு விஷயம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 7.5 சதவிகித இட ஒதுக்கீடு இன்ஜினீயரிங்கிலும் உண்டு. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாசம் 1,000 ரூபாய். நகையை எடுக்கிறதுக்கு முன்னாடி இந்த நாலையும் ஒரு தடவை பார்த்துடுங்க. எங்க பாப்பா ஆறாவதில் இருந்து அரசுப் பள்ளி. சித்தப்பாவுக்கு 7.5 பற்றிக் கேள்விப்பட்ட ஞாபகம் இருந்தது, 'அது டாக்டருக்கு மட்டும்தானே'ன்னு நினைச்சுட்டு இருந்தார்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீங்க. லேபைக் காட்டச் சொல்லுங்க. ஒரு பி.சி.ஆர். மெஷினுக்கு எத்தனை பேர்? பிராக்டிகலில் பைப்பெட்டை மாணவர் பிடிக்கிறாரா, இல்லை சார் செய்வதைச் சுற்றி நின்று பார்ப்பதா? ஃபெர்மென்டர் ஓடுதா, துணி போட்டு மூடியிருக்கா? கடைசி வருஷ புராஜெக்ட்டை மாணவர்கள் எங்கே போய்ச் செய்தாங்க? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறினால் யோசிக்கணும். சில இடங்களில் காசு கொடுத்து வெளியே 'ரெடிமேட்' புராஜெக்ட் வாங்கிவிடுகிற பழக்கம் இருக்கு. இன்டர்வியூவில் ரெண்டாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

வேலை... மறைக்காமல் சொல்வதென்றால்

இளநிலைப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு 'விஞ்ஞானி' ஆக முடியாது. மூணு, நாலு வருஷம் முடித்ததும் கிடைப்பது பெரும்பாலும் மருந்து, உணவுக் கம்பெனிகளில் தரக் கட்டுப்பாடு, உற்பத்தி, கிளினிக்கல் ரிசர்ச், மெடிக்கல் கோடிங். தொடக்கச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது. கம்பெனிகள் அதிகம் இருப்பது பெங்களூரு, ஹைதராபாத் பக்கம். பயோடெக் முடித்துவிட்டு ஐ.டி-க்கே போய்விடுகிறவர்களும் நிறைய. அதில் தப்பில்லை. ஆனால் அதற்காக நாலு வருஷம் ஜெல் ஓட்ட வேண்டியதில்லை.

அரசு வேலை எண்ணம் இருந்தால் இன்னும் கவனம். வேளாண்மை அலுவலர் பணிக்கு பி.எஸ்சி அக்ரிதான் கேட்பார்கள், பயோடெக் செல்லாது. டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு அறிவிப்புகளில் பட்டத்தின் பெயர் துல்லியமாகப் போட்டிருக்கும். பழைய அறிவிப்பு ஒன்றை இணையத்தில் எடுத்து, நீங்க சேரப்போகிற பட்டத்தின் பெயர் அதில் இருக்கான்னு சேர்வதற்கு முன்னாடியே பார்த்துடுங்க. 'தாவரவியலுக்குச் சமம்தானே'ன்னு நாமாக நினைத்துக்கொண்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கும்.

அப்போ ஆராய்ச்சிப் பக்கம்? அது நீளமான வழி. இளநிலைக்குப் பிறகு எம்.எஸ்சி அல்லது எம்.டெக். அதற்கு காட்-பி என்று ஒரு தேர்வு இருக்கு. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரிக்கிற முதுநிலைப் படிப்புகளுக்கு அதில்தான் சேர்க்கை, உதவித்தொகையும் உண்டு. பி.டெக்காரர்களுக்கு கேட் தேர்வில் பயோடெக்குக்குத் தனித் தாளே இருக்கு. பிறகு நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினால், ஆராய்ச்சி செய்யும்போதே 2023-லிருந்து மாசம் 37,000 ரூபாய். பி.எச்டி முடிக்க 27, 28 வயசு ஆகும். நகையை வைத்துப் படிக்க வைக்கிற வீட்டில் இந்த 27 என்ற எண்ணை முதல் நாளே பேசிவிடுவது நல்லது. குறிப்பா, பொண்ணுங்க விஷயத்தில். நடுவில் 'மாப்பிள்ளை வந்திருக்கு'ன்னு பாதியில் நிறுத்துகிற கதை டெல்டாவில் எனக்குத் தெரிந்தே மூணு இருக்கு.

ஊர்ப் பக்கத்திலேயே வேலை வேணும்னா? கொஞ்சம் இருக்கு, தேடணும். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம்னு சூடோமோனாஸ் கலக்கிறோமே, அசோஸ்பைரில்லம் பாக்கெட் வாங்குறோமே... அதெல்லாம் ஃபெர்மென்டரில் வளர்த்த பாக்டீரியா. கும்பகோணம் பக்கம் சாக்கோட்டையில் விவசாயத் துறைக்கே ஓர் உயிர் உர உற்பத்தி மையம் இருக்கு. தனியாரும் செய்கிறார்கள். பாக்கெட்டில் எத்தனை பாக்டீரியா உயிரோட இருக்குன்னு பார்க்கத் தெரிந்த ஒருத்தர் எங்கேயும் வேணும். நாகப்பட்டினம் கரையோரம் இறால் வளர்ப்பில், வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கான்னு குஞ்சுகளைக் குளத்தில் விடும் முன்னாடியே பி.சி.ஆர். செய்து பார்க்கிறார்கள். அதே மெஷின், அதே ஜெல். வீட்டில் வாழைத்தோப்பு இருந்தால் திசு வாழை தெரியும். அந்தக் கன்றும் லேபில் பாட்டிலில் வளர்ந்ததுதான்.

சேர்ந்துவிட்டீர்கள் என்றால் ஒரே ஒரு வேலை சொல்றேன். ரெண்டாம் வருஷமே கோடை விடுமுறைக்கு வெளியில் ஒரு லேபைப் பிடிங்க. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து மாணவர்களுக்கு கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப் தருகின்றன. ரெண்டு மாசம், உதவித்தொகையோடு. அது கிடைக்கலையா, ஆடுதுறைக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்க. தஞ்சாவூரில் இருந்து கும்பகோணம் தாண்டினால் வந்துவிடும்.

ரெண்டு நாள் கழித்து இதையெல்லாம் சித்தப்பாவிடம் ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னேன். முக்கால் மணி நேரம். நடுவில் பாப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணா, லேப்ல பண்ணதை வயல்ல வந்து பார்ப்பாங்களா, இல்ல அங்கேயே உட்கார்ந்திருப்பாங்களா?" ரெண்டும் இருக்கு, நீ எதுல போகணுமோ அதுக்கேத்த காலேஜைப் பார்க்கணும்னு சொன்னேன்.

அன்றைக்கு ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. போன வருஷ விதை மூட்டையில் இருந்து கழற்றி, அலமாரியில் போட்டுவைத்திருந்த நீலநிற சான்று அட்டை. ரகம் என்ற இடத்தில் சி.ஆர். 1009 என்று மட்டும்தான் இருந்தது, சப்-1 இல்லை. கீழே பாப்பாவின் வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, மேலத்தெரு மாமா வயல்ல போட்டது சப்-1ஆம். அவங்களுது அழுகலையாம். அப்பா இப்பத்தான் போய்க் கேட்டுட்டு வந்தாரு."

கவுன்சலிங்குக்குப் பதிவு செய்தாச்சு, 7.5-க்கான பள்ளிச் சான்றோட. திருச்சி முதல் சாய்ஸ். கோவைக்கும் தனியா விண்ணப்பம் போட்டிருக்காள். சித்தப்பாவுக்கு ஹாஸ்டல்தான் கவலை.